செல்லாத்தாள் நிரப்பிய தோட்டா

இன்னொரு தோட்டாவின் வாயைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பினாள் செல்லாத்தாள். வாசலில் அவள் புருஷன் மணியனின் உடலை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். புது வேட்டி எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லைசென்ஸ் துப்பாக்கி. ஆள் போய்விட்டால் அதையும் மிச்சத் தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். அங்கே எவனாவது ஒன்றைப் பிரித்தால் போச்சு. ஈயக் குண்டுக்குப் பதில் கம்பு தானியம் கொட்டும். மேலே எறிந்த தேங்காயைச் சுட்ட மனுஷன் கடைசியில் கம்பைச் சுட்டாரா என்று குண்டடம் ஊரே சிரிக்கும்.

காலித் தோட்டாவில் மறுபடி வெடிமருந்து நிரப்பும் மெஷினை அவர்தான் கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்து வாங்கினார். கண் மங்கிய பிறகு மருந்து அளப்பதும் குண்டு போடுவதும் அவள் வேலையாயின. கைப்பிடி இழுப்பது மட்டும் அவர். போன ஆடியில் மயில் விரட்டச் சுட்டபோது, சோளக்காட்டில் புல் அறுத்த பெண்ணின் தலைக்கு மேலே குண்டு பறந்தது. அவள் நின்றதே அவருக்குத் தெரியவில்லை. துப்பாக்கியை வைத்துவிடுங்கள் என்று சொல்லச் செல்லாத்தாளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் மனுஷன் படுத்துவிடுவார். அன்றிலிருந்து கம்புதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு காசிமாயன் வந்தான். உசிலம்பட்டிக்காரன், மகனின் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. தோட்டாவுக்குள் அடைக்க வெட்டுத்துணி கொண்டுவருவது அவன்தான். மேசையில் சிதறிய கம்பைப் பார்த்தான்.

"ஆருகிட்டவும் சொல்லிப்போடாதே காசிமாயா. அவியளுக்கே தெரியாது."

"அண்ணனுக்குத் தெரியும்க்கா."

"என்ன சொல்றே?"

"ஈயம் போட்டா கையில கனக்கும்ல. மொதநாளே தூக்கிப் பாத்துட்டாரு. 'உங்கக்கா ஈயம் போடறதில்லே, கேட்டுப்போடாதே, சங்கடப்படுவா'ன்னாரு."

செல்லாத்தாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஒரு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து அவள் கம்பைப் போட, அவர் அழுத்தி மூடியிருக்கிறார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மகன் நல்லசிவம் எட்டிப் பார்த்தான். "வேட்டி எங்கீங்கம்மா? காத்துட்டிருக்கறாங்க."

பிரிக்காத தோட்டாக்களைப் பெட்டியோடு அவன் கையில் வைத்தாள். "துப்பாக்கியோட இதையுங் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துரு சாமி. உள்ளே என்னன்னு கேட்டா கம்புன்னு சொல்லு. நாந்தான் போட்டேன்."

"கம்புங்களா?"

"மயிலுக்கு என்னத்துக்கு ஈயம்?"

வேட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவர் தலையில் இன்னும் ஈரம் சொட்டியது. சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு, முந்தானையால் துவட்டத் தொடங்கினாள்.