ஏற்றத்துக்கு ஒரு நியாயம்

1

கதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு வணிக இதழின் ஆசிரியர் கேட்டது கட்டுரை. பங்குச் சந்தை மூன்று வருடமாக ஏறிக்கொண்டே இருக்கிறதே, நிறுவனங்கள் உண்மையில் சம்பாதிப்பதை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்றத்துக்கு நியாயம் உண்டா, இரண்டு பக்க வாதத்தையும் சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்றார். எனக்குச் சந்தையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். என் அக்கா படிப்பு முடித்த நாளிலிருந்து அந்த வேலையைத்தான் பார்க்கிறாள் என்பதும் தெரியும். என்னைப் பிடித்தால் அக்கா வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

போனேன். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அத்தான் யாரிடமோ தொலைபேசியில் வேலை கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"வேற என்ன வேணா கேளுடா. இத மட்டும் என்கிட்ட கேக்காத," என்றாள்.

கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. பிறகு போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கோ, யார் படிக்கப்போறா என்றாள்.

2

முதல் தொடக்கம்: "அவளுக்கு எண்கள் என்றால் உயிர்." அடித்துவிட்டேன். எண்கள் அவளுக்கு வேலை. உயிர் எல்லாம் வேறு இடத்தில் வைத்திருந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: "சந்தை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்ட அந்தக் காலையில், கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பெண் மட்டும் தனியாக ஜன்னலோரம்..." இதையும் பாதியில் விட்டேன். அவள் தனியாக இல்லை. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். மற்றவர்களின் சேமிப்பை வாங்கிப் பங்குகளில் போடும் ஒரு நிறுவனத்தில் அக்கா வேலை பார்த்தாள். ஒரு பங்கை என்ன விலைக்கு வாங்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு. அந்தக் கணக்கு என்ன என்று ஒருமுறை கேட்டேன். தெருமுனைச் சலவைக் கடையைக் காட்டிச் சொன்னாள்.

"போன வருஷம் தொவச்ச அதே துணி, அதே ரெண்டு ஆளு, அதே லாபம். கடையோட விலை மட்டும் மூணு மடங்கு ஆயிருச்சுன்னு வச்சுக்கோ. ஏன்னு கேட்டா, பக்கத்துக் கடையும் மூணு மடங்கு ஆயிருச்சேங்கறாங்க. பக்கத்துக் கடைக்காரன்கிட்ட கேட்டா, அவன் இவன் கடையக் கை காட்டறான்."

சந்தையில், விலை இறங்கும் என்று சொல்பவரைக் கரடி என்பார்கள். அலுவலகத்தில் அக்காவுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. முதல் வருடம் செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள்.

(தமிழில் கரடி விடுவது என்றால் வேறு பொருள் என்பதை அத்தான் அவளுக்கு அடிக்கடி நினைவூட்டுவார். அப்போது இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்த இடங்களையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக இந்த அடைப்புக்குறி.)

3

அவளுடைய மேலாளரை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன். தங்கப் பேனா, நக்கல் சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு, அவர் அப்படி ஆளே இல்லை என்றாள். எங்கள் அம்மா இறந்தபோது முதலில் வந்து, கடைசியில் போனவர் அவர்தான். அவரை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வில்லன் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு தூரம் கீழே வருவதை வாசகர் நம்புவாரா?

நடந்தது இதுதான். ஏற்றம் தொடங்கிய முதல் வருடத்திலேயே, விலை லாபத்தை விட்டு வெகுதூரம் ஓடிவிட்டது, பாதிப் பங்குகளையாவது விற்றுவிடலாம் என்று அக்கா அறிக்கை கொடுத்தாள். மேலாளர் அதை முழுக்கப் படித்தார். அவர் சொன்ன எதிர்வாதத்தைக் கட்டுரையில் போட்டிருந்தால் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். வட்டி இந்த அளவுக்குக் குறைந்து கிடக்கும்போது பணம் வேறு எங்கே போகும்? புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன, இன்று ஒன்று சம்பாதிக்கும் நிறுவனம் ஐந்து வருடத்தில் நான்கு சம்பாதிக்கலாம். சந்தை நேற்றைய லாபத்துக்கு விலை கொடுப்பதில்லை, நாளைய லாபத்துக்குக் கொடுக்கிறது. எல்லாமே யோசிக்க வேண்டிய வாதங்கள். அக்காவும் யோசித்தாள். அவள் கணக்கில் அந்த நாளைய லாபத்தைத் தாராளமாகப் போட்டுப் பார்த்தும் விலை எட்டவில்லை.

இரண்டாம் வருடம் அவள் அதையே எழுதினாள். சந்தை அதற்குள் ஒன்றரை மடங்காகியிருந்தது. இன்னும் வாங்கிக் குவித்த போட்டி நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா சரியா இருக்கறதுக்கும் ஒரு கெடு இருக்கும்மா. அது போன வருஷமே முடிஞ்சிருச்சு."

அவள் கணக்குப் போடும் கணினி ஷீட்டில் வளர்ச்சி விகிதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இருக்கும் எண்ணைச் சற்றே கூட்டினால் போதும், கீழே விடை தானாகச் சந்தை விலைக்கு வந்து நிற்கும். கூட்டச் சொன்னார். அவள் முடியாது என்றாள். குரல் உயரவில்லை, கதவு அறையப்படவில்லை. அடுத்த மாதம் அவளை வாடிக்கையாளர் புகார் பிரிவுக்கு மாற்றினார்கள். சில மாதங்கள் தாக்குப்பிடித்தபின், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

4

இந்த மூன்று வருடமும் அவள் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அத்தான். வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அவள் சொன்னதும் சந்தையிலிருந்து எடுத்து வங்கியில் போட்டார். அதன்பின் பார்த்து வைத்திருந்த வீடுகளின் விலையும் பங்குகளோடு சேர்ந்து ஏறியது. அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வீடு மாறினார்கள். அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்றாள் அக்கா. மற்றவர்களின் புதுமனை புகுவிழாவுக்குப் போய் இரண்டு பேரும் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். வரும் வழியெல்லாம் அத்தான் சமையலறை நன்றாக இருந்தது என்பது மாதிரி எதையாவது பேசிக்கொண்டு வருவார்.

இன்னொருவர் அப்பா. நில அளவையராக இருந்து ஓய்வுபெற்றவர். தானே அளக்காத எதையும் ஒப்புக்கொள்ளாதவர், மகள் அளந்ததை மட்டும் ஒப்புக்கொள்வார். அவரோடு காலையில் நடக்கிறவர்கள், சந்தையில் போட்டதையும் எடுத்ததையும் பேசியபடியே நடப்பார்கள். அப்பா மட்டும் வாயைத் திறக்காமல் நடப்பார். என் பொண்ணு இதுலயே இருக்கறவ, அவ சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

(இங்கே அம்மா இருந்திருந்தால் என்று ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அம்மா இருந்திருந்தாலும் சந்தை ஏறியிருக்கும்.)

5

அடுத்து நடந்ததை நானே கற்பனை செய்திருந்தால் மிகை என்று நீக்கியிருப்பேன். அத்தான் ஒரு பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வேலையை விட்டு அக்கா வீட்டில் இருந்த நாட்களில், ஒரு காலை அந்த ஆலையை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஆட்களை நிறுத்தினால் செலவு குறையும், செலவு குறைந்தால் லாபம் கூடும். மதியத்துக்குள் அந்த நிறுவனத்தின் பங்கு அந்த வருடத்திலேயே அதிகமாக ஏறியது.

அத்தான் தன் அளவுகோல்கள் இருந்த பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா கைபேசியில் அந்த விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"எங்க கம்பெனிதான? எவ்ளோ போகுது?" என்று கேட்டார்.

சொன்னாள். பரவால்லையே என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

6

இதற்குமேல் அவள் என்ன செய்தாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. "வேறு வழியில்லாமல்" என்று தொடங்கும் வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வழி இருந்தது, சம்பளம் குறைவான வழி என்றாள்.

ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள். முதல் வேலையே ஓர் அறிக்கை, அவள் பெயரோடும் படத்தோடும் வெளிவரப்போவது. இத்தனை காலம் எதிர்த்துப் பேசியவளே ஒப்புக்கொண்டால் அதற்கு மரியாதை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வளர்ச்சி விகிதக் கட்டத்தில் எண்ணைக் கூட்டினாள். விடை வந்து நின்றது. "தற்போதைய விலைகள் வருங்கால லாபங்களால் முழுமையாக நியாயப்படுத்தப்படுகின்றன" என்று எழுதினாள். எடுத்துக்காட்டுக்கு நான்கு நிறுவனங்களைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று பம்பு நிறுவனம். "நிர்வாகத்தின் துணிச்சலான செலவுக் குறைப்பு" என்ற வரியை எழுதியது அவள்தான். திருத்தியவர்கள் அதைத் தொடவில்லை.

"நீ கதை எழுதறேல்ல, நானும் அதான்டா எழுதினேன். எனக்குக் கடைசி வரிய முதல்லயே குடுத்துட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்," என்றாள்.

அத்தான் அந்த அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். அந்த வரியைத் தாண்டும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முடித்துவிட்டுத் தாள்களை நேராக அடுக்கி வைத்தார்.

"நல்லா எழுதியிருக்க," என்றார்.

கிண்டலா என்று நான் கேட்டேன். கிண்டலாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன் என்றாள்.

7

இரண்டு வாரம் கழித்து அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷத்தை அம்மா போனபின் அவள் கேட்டதில்லை. பேப்பரில் அவள் படத்தைப் பார்த்தாராம், நடைக் கூட்டாளிகளிடம் காட்டினாராம். வங்கியில் இருந்தது முழுவதையும் எடுத்துச் சந்தையில் போட்டுவிட்டாராம், அவருடைய முதுமைக்கென்று இருந்த எல்லாவற்றையும்.

"நீ சொல்ற வரைக்கும் காத்துட்டு இருந்தேன்மா," என்றார்.

அக்கா அன்றே கிளம்பிப் போனாள். பேருந்தில் மூன்று மணி நேரம். (முதல் பிரதியில் இங்கே மழை பெய்தது. வெயில்தான் அடித்தது.) அப்பா கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, அது நான் நம்பி எழுதினது இல்ல. சம்பளத்துக்காக எழுதினேன். பணத்த வெளில எடுத்துருங்க."

அப்பா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வழக்கம்போல நிதானமாகக் கேட்டார். எண்ணை எங்கே மாற்றினாள், எவ்வளவு மாற்றினாள், மாற்றாவிட்டால் விடை என்ன. எல்லாம் சொன்னாள். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"மூணு வருஷமா எறங்கும் எறங்கும்னே சொன்ன. எறங்கல. இப்பத்தான் மொத தடவ சரியா சொல்லியிருக்க. அதுக்கும் பயந்துட்டு ஓடி வந்திருக்க. வேலை போனதுல ரொம்ப அடிபட்டுட்டம்மா நீ."

அவள் கெஞ்சினாள். அழுதாள். அப்பா கைபேசியை எடுத்து, போட்ட இரண்டு நாளில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டினார். அவள் தோளில் தட்டி, இன்று இருந்துவிட்டுப் போ, நன்றாகத் தூங்கு என்றார். அவருக்கு அவள்மேல் வருத்தமே இல்லை. பெருமைதான். அதை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் மறுநாள் திரும்பி வந்தாள்.

நான் போய்ப் பேசினேன். அத்தானும் பேசினார். அப்பா என்னிடம், நீ கதை எழுதறவன், உனக்கு இதெல்லாம் தெரியாது என்றார். அத்தானிடம், அவளப் பத்திரமாப் பாத்துக்கோங்க மாப்பிள்ளை என்றார்.

8

முடிவு ஒன்று எழுதினேன். அப்பா மகள் சொல்வதை நம்புகிறார், பணத்தை எடுக்கிறார், இருவரும் வாசலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல்... அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"இது நம்ம அப்பா இல்லடா."

இன்னொன்று எழுதினேன், சந்தை விழுகிற முடிவு. அக்கா சொன்னது அத்தனையும் உண்மையாகிறது. அப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. மகள் சரியாகத்தான் சொன்னாள் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மூன்றாவதில் சந்தை விழவே இல்லை. மேலாளர் சொன்ன அந்த நாளை உண்மையிலேயே வந்துவிடுகிறது, விலைகளுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. அப்பா நிம்மதியாக இருக்கிறார். அக்கா வேலையை இழந்தது, வாங்காமல் போன வீடு, அத்தான் கேட்காமல் விட்ட கேள்விகள், எல்லாம் ஒருத்தி கணக்கில் செய்த பிழைக்காக. அவள் பொய்யென்று நினைத்து எழுதிய ஒன்றுதான் அவள் எழுதியதிலேயே உண்மை. இதை அவளிடம் படித்துக் காட்டவில்லை.

நான் இதை எழுதும் இன்று சந்தை மேலேதான் இருக்கிறது. அப்பா தினமும் காலையில் அக்காவைக் கூப்பிட்டு அன்றைய விலையைச் சொல்கிறார். அவள் உம் கொட்டிக் கேட்டுக்கொள்கிறாள். அத்தானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவள் அடுத்த அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இதைப் படிக்கும் நாளில் சந்தை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான். விழுந்திருந்தால் இரண்டாவது முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், விழாமல் இருந்தால் மூன்றாவதை. எதை எடுத்தாலும் கடைசியில் அக்கா ஒரு வரி பேச வேண்டும், தன்னைக் குற்றம் சொல்லாத ஒரு வரி. நான் தேடிப் பார்த்துவிட்டேன். உங்களுக்குக் கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.