சிட்டு ஃபெயிலான கதை

என் வீட்டுக்காரர் அய்யம்பெருமாள், இன்னும் இணையே சேராத நாயின் எட்டுக் குட்டிகளையும் ஆளாளுக்கு வாக்குக் கொடுத்து முடித்திருந்தார். ஒன்று ஒன்றியக் கவுன்சிலரின் மச்சானுக்கு. இன்னொன்று உரக்கடை கலைவாணனுக்கு. துபாயிலிருந்து ஒருவர், நெஞ்சில் வெள்ளை இல்லாத கடுவன் குட்டிதான் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கும் இவர் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லிவிட்டார். எட்டுதான் பிறக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "கன்னி நாய் எட்டுக்குக் கொறையாதுடி" என்றார், என்னமோ இவரே நாலு ஈத்து பெற்றுப் போட்ட மாதிரி.

சிட்டு எங்கள் நாய், கன்னி என்கிற நாட்டு வேட்டை இனம். நல்ல கருப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு மஞ்சள் பொட்டு, வேலியிடுக்கில் நுழைகிற ஒல்லி உடம்பு. வேட்டை நாய் என்று பெயர்தான். இந்தக் காலத்தில் முயலைத் தொட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மக்காச்சோளக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்டுவதுதான் அதன் உத்தியோகம். விடியற்காலையில் நானும் அதுவும் வரப்பைச் சுற்றி வருவோம். இவர் அந்த நேரத்தில் குரட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

புரட்டாசியில், பத்து மாத வயதில், சிட்டு முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்தது. கொட்டகையில் அடைத்து வைத்துக் காப்பாற்றினேன். இப்போது மாசி. அடுத்த பருவம் இன்றோ நாளையோ என்று இருந்தது. இந்த முறை இணை சேர்க்காமல் விடுவதில்லை என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

என் பிறந்த வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டைக்கு இரண்டு பருவம் தாண்ட வேண்டும், இரண்டு வெள்ளாமைக்குக் காவல் இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், துரத்திக்கொண்டு ஓடும்போது கூப்பிட்டால் பாதியில் திரும்ப வேண்டும். திரும்பாத நாயிடம் குட்டி எடுக்க மாட்டார்கள். சிட்டுவுக்கு முன்னால் இந்த வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. பன்றியைத் துரத்திக்கொண்டு ரோட்டில் ஏறியது, நான் தொண்டை கிழியக் கத்தியும் திரும்பவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிக்காரனுக்குப் பிரேக் போடக்கூட நேரமில்லை. சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தது நான்தான். சிட்டுவுக்கும் அப்படி ஏதும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. திரும்புவதைக் கற்றுவிட்டது. ஆனால் ஒரு வெள்ளாமைதான் பார்த்திருக்கிறது, உடம்பும் இன்னும் தேறவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சுவாதியும் அதையேதான் சொன்னார். "ரெண்டு வயசாவது ஆவட்டும்மா. இதுவே இன்னும் குட்டிதான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அந்தம்மா நம்ம குரூப்புலயே இல்ல" என்றார் இவர்.

குரூப் என்றால், நாட்டு வேட்டை நாய் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப். கலைவாணன்தான் அட்மின். அதில் பாதிப் பேர் வீட்டில் வாசலைக் காக்கிற நாய்கூட இல்லை. அங்கே சிட்டுவின் போட்டோவைப் போட்டு, ரெடியா இல்லையா என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர் ரெடி என்றார்கள், ஒன்பது பேர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் ரோஜாப் பூப் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். அந்த நாய்க்கு என்ன வயது என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

மாப்பிள்ளை ஜெயங்கொண்டத்திலிருந்து காரில் வந்தது. பெயர் கிங். பின்சீட்டில் மெத்தை, கழுத்தில் நாய் கண்காட்சியில் வாங்கிய மூன்று மெடல். அதன் சொந்தக்காரர் முத்தமிழ்செல்வன் வெற்றிலை பாக்கும் ஆப்பிளும் வைத்த தட்டோடு இறங்கினார். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தட்டை அப்படியே மாட்டுக்கு வைத்திருப்பேன்.

"அக்கா, நம்ம கிங்கு சும்மா எதுகூடயும் சேராது. உங்க நாயோட ஓட்டத்த பாக்கணும். வீடியோ வேணும், குரூப்புல கேக்குறாங்க" என்றார்.

"நல்லா பாருங்க. நானும் ஒண்ணு பாக்கணும். கூப்ட்டா திரும்புதான்னு ரெண்டையும் பாப்பம்" என்றேன்.

அவர் சிரித்தார். "மூணு மெடல் வாங்குனது அக்கா, அதுக்குத் தெரியாததா?"

அறுவடை முடிந்த கொல்லைக்குப் போனோம். கலைவாணன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறை அவிழ்த்ததும் சிட்டு சோளத்தட்டையை மோந்துகொண்டு வரப்போரமாகப் போனது. கிங் போனைப் பார்த்து நின்றது. அந்த நேரம் பார்த்து, யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு முயல் தட்டைக்குள்ளிருந்து எழுந்து ஓடியது. இரண்டும் பாய்ந்தன. சிட்டு நாலே எட்டில் முயலுக்குப் பின்னால் போய்விட்டது. கலைவாணன் விசிலடித்தார், இவர் தொடையைத் தட்டினார்.

முயல் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"சிட்டூ, வா!"

ஒரே குரல்தான். சிட்டு மண் கிளம்ப வளைந்து திரும்பி, நேராக என் காலடியில் வந்து நின்று நாக்கைத் தொங்கப்போட்டது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"கிங்! கம்! கிங், கம் பேக்!" என்று முத்தமிழ்செல்வன் இங்கிலீஷில் கத்தினார். பிறகு தமிழில் கத்தினார். பிறகு கெட்ட வார்த்தையில் கத்தினார். கிங் ரோட்டைத் தாண்டியது. லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. நல்லவேளை, நாய் பிழைத்துக்கொண்டது. முயலும் முந்திரித் தோப்புக்குள் போய்ப் பிழைத்துக்கொண்டது.

மத்தியானம் வரை தேடினார்கள். கடைசியில் கடைத்தெருவில் கறிக்கடைக்கு முன்னால் கிடைத்தது. முன்கால்களை நேராக ஊன்றி, பின்கால்களை நீட்டி, தலையைத் தூக்கி, மெடல் வாங்குகிற பாவனையில் அசையாமல் நின்றிருந்தது. கறிக்கடைக்காரர் மெச்சி ஒரு எலும்பு கொடுத்திருந்தார்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். சாயங்காலம் குரூப்பில் தீர்ப்பு வந்தது. சிட்டு ஃபெயில்.

"பாதியில் திரும்பிவிட்டது, வெறி போதாது" என்று எழுதியிருந்தார்கள். பயம் ரத்தத்தில் இருக்கிறது, குட்டிகளுக்கும் வரும் என்று கவுன்சிலரின் மச்சான் எழுதினார். லாரிக்கே அஞ்சாத கிங்குக்குக் கைதட்டல் மேல் கைதட்டல். எட்டுக் குட்டியும் ஒவ்வொன்றாகக் கேன்சலாயின. துபாய்க்காரர் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார்.

இவர் போனைக் கட்டிலில் வீசினார். "ஏன்டி கூப்ட்ட? இன்னும் ரெண்டே எட்டு வுட்டுருந்தா பாஸாயிருக்கும். என் மானமே போச்சு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை.

"பதினேழு வயசுல என்னைய பாக்க வந்தீங்க. காப்பி கொண்டாந்தேன். நடந்து காட்டச் சொன்னாங்க உங்க அக்கா, நடந்தேன். எல்லாரும் கூடிப் பேசி ரெடின்னு சொன்னீங்க. தலப்புள்ள தங்கல. இது புள்ள பெத்துக்குற ஒடம்பான்னு ஆஸ்பத்திரில அந்த நர்ஸம்மா திட்டுனப்ப, ரெடின்னு சொன்ன ஆளுவ ஒருத்தரும் பக்கத்துல இல்ல. அன்னைக்கு நானும் ஃபெயிலாயிருக்கலாம்ங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வடித்த சோறு ஆறிப்போகும் வரை இவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சிட்டு பருவத்துக்கு வந்தது. கொட்டகைக் கதவில் இவரே இரண்டாவது தாழ்ப்பாளை அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆணியை வாயில் கவ்விக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

முத்தமிழ்செல்வன்தான். "அண்ணே, குரூப்புல ஆயிரம் சொல்லுவாங்க. நான் பெரிய மனசு பண்ணி கிங்க கூட்டிட்டு வரேன். இன்னிக்கே வரட்டுமா?"

இவர் ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சிட்டு முனகியது.

"வேணாங்க சார்" என்றார். "எங்க புள்ள ஃபெயிலு."