தவளையின் கண்ணில் நின்றவர்

மில் காலனியில் பொதுக்கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை அவரவர் வளர்க்கும் தவளையின் புகைப்படம்தான் தீர்மானிக்கும். கண் தெளிவாக விழுந்திருந்தால் இருபது நிமிடம். முதுகின் கொப்புளங்களை எண்ண முடிந்தால் மேலும் இருபது. தொட்டியின் பாசியும் பெரணிச் செடியும் பச்சையாகவே தெரிந்தால் இன்னும் இரண்டு. ஈரத் தோலில் வெள்ளைத் திட்டு அடித்திருந்தால் திட்டுக்கு ஐந்து நிமிடம் கழிவு; எவ்வளவு கழிந்தாலும் மூன்று நிமிடம் மிஞ்சும். படங்களைப் பார்ப்பவர் சங்கச் செயலாளர் ஆரோக்கியமேரி. அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு, தாட்சண்யம் கிடையாது.

சென்னியப்பனுக்கு எந்த வருடமும் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைத்ததில்லை. நூற்றுப் பதினான்கு நாள் வேலைநிறுத்தத்தில் ஒரு நாள் விடாமல் மில் வாசலில் நின்றவர் அவர். அதற்காகப் பதினோரு மாதம் சிறையில் இருந்தவர். மூன்று நிமிடத்தில் ஒன்பதாம் நாளைத் தாண்ட முடியாது. போலீஸ் வேன் வந்து நிற்கும். அதற்குள் மணி அடித்துவிடும்.

திருமூர்த்திக்கு ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவர் திருமூர்த்தி. இத்தனை வருடமும் அவர் குடிதண்ணீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும்தான் பேசி வந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைநிறுத்தத்தின் ஐம்பதாவது ஆண்டுக் கூட்டம். அன்றைக்கு அதைப் பற்றியே பேசப்போகிறார் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். கடைசி நாள்வரை நின்றவர்களில் சென்னியப்பன் ஒருவர்தான் உயிரோடு மிச்சம். திருமூர்த்தி சொல்லி முடித்துவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

சங்கத்து அறிவிப்புப் பலகையில் திருமூர்த்தியின் போன வருடத்துப் படம் இன்னும் தொங்கியது. பேப்பர் படிக்கப் போகிற சாக்கில் சென்னியப்பன் தினமும் அதைப் பார்த்தார். கண்ணைச் சுற்றித் தங்க வளையம். முதுகில் ஒவ்வொரு கொப்புளமும் தனித்தனியாக, மரியாதையாக. இரண்டு தவளைகளும் ஒரே குட்டையில் ஒரே மழைக்குப் பிடித்தவை.

சென்னியப்பனின் தவளையில் குறை ஒன்றுமில்லை. வெளிச்சம் மேலிருந்து இறங்கி வரவேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அதை எதிர்த்துப் பன்னிரண்டு பக்கத்தில் துண்டுப்பிரசுரம் போட்டிருக்கிறார். அதனால் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் பல்பை வைத்துப் படம் எடுப்பார். தொண்டை வெள்ளையாக வெந்துபோயிருக்கும். கண்கள் இரண்டு குழிகளாக இருக்கும்.

"தெனமும் அந்தப் படத்தப் பாத்துப்போட்டு வந்து சோத்த வெறிச்சு வெறிச்சுப் பாக்கறீங்க" என்றாள் அவர் மனைவி பூவாத்தாள். "ஒண்ணு போய்க் கத்துக்கிட்டு வாங்க. இல்லீன்னா சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு திருமூர்த்தியின் வீட்டுக்குப் போனார்.

"வாங்க தோழர். பின்னாடி வாங்க, அங்கதான் எல்லாம் வெச்சிருக்கறேன்."

"எனக்கு முன்வாசல்தான் பழக்கம்."

"அம்பது வருசமா ஒரே எடத்துலயே அடிக்கறீங்க. கை வலிக்கலீங்களா?" என்று சிரித்தார் திருமூர்த்தி.

அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை. கண்ணாடியை உள்பக்கமும் துடைத்தார். ஜன்னலைச் சாத்தினார். தொட்டிக்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டு, நடுவில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார். வெளிச்சம் வேட்டியில் வடிந்து, பால் போலப் பாசியின்மேல் இறங்கியது. தோல் ஈரமாக இருப்பதால் கேமராவில் வெளிச்சத்தை ஒரு புள்ளி குறைக்கச் சொன்னார். கண்ணாடியில் எதிரொளி விழாமல் கேமராவோடு சேர்த்துச் சென்னியப்பன் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்தினார்.

"பொத்தான நான்தான் அமுத்துவேன்" என்றார் துணிக்குள்ளிருந்து சென்னியப்பன்.

"நீங்களே அமுத்துங்க. நான் வேட்டியப் புடிச்சுக்கறேன்."

அன்று மாலையே ஆரோக்கியமேரி படத்தைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு நிமிசமுங்க தோழர். ஒரு திட்டுக்கூட இல்ல." பூதக்கண்ணாடி தவளையின் கண்மேல் வந்து நின்றது. "உள்ள ஆரோ நிக்கறாங்க."

கண்ணுக்குள் கடுகளவில் திருமூர்த்தி, இரண்டு கைகளையும் உயர்த்தி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென்னியப்பன் இருக்கவேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

வெளிச்சத்தைப் பிடித்து நிற்பதுதான் உழைப்பு. நிமிடங்கள் வெளிச்சம் பிடித்தவருக்கே, பொத்தானை அமுக்கியவருக்கு அல்ல. இந்த விதிக்காக ஆறு நாள் பட்டினி கிடந்து ஜெயித்தவர் சென்னியப்பன். ஆரோக்கியமேரி பழைய தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்.

"உங்க கையெழுத்துதானுங்களே?"

"என்னோடதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை திருமூர்த்தி தன் நாற்பதோடு அந்த நாற்பத்திரண்டும் சேர்த்து எண்பத்திரண்டு நிமிடம் பேசினார். நாற்பத்து மூன்றாம் நாளைப் பற்றி மட்டுமே பேசினார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது, பின்வாசல் தாழ்ப்பாள் சில்லென்று இருந்தது, உள்ளே போய்த் தறியைத் தொட்டதும் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் போனது. "முன்னால சென்னியப்பன் நின்னுட்டு இருந்தாரு. நான் பின்னால போயிட்டேன்" என்றார். கூட்டம் மூக்கைச் சிந்தியது. ஐம்பது வருடமாக ஒருநாள் எறியலாம் என்று சென்னியப்பன் தீட்டி வைத்திருந்த கல்லை, அவனே எடுத்து மிட்டாய் மாதிரி எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டான். துரோகத்துக்குக்கூட அவனுக்கு வெளிச்சம் பொருந்தி விழுகிறது. கைதட்டல் ஓயவில்லை. தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு சென்னியப்பன் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

கூட்டம் கலைந்ததும் ஆரோக்கியமேரி அவரை உள்ளே கூப்பிட்டார்.

"நாப்பத்து மூணாம் நாள் வரைக்கும் சங்கத்துக்குப் போதும்னு கமிட்டியில முடிவாயிருச்சுங்க. மீதி எழுபத்தொரு நாளும் பீரோவ அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. உங்களுதுதானே, கொண்டு போயிருங்க."

நாட்களை மடித்து அடைத்த நான்கு சாக்கு இருந்தது. திருமூர்த்தி ஒன்றின் நுனியைப் பிடிக்கக் குனிந்தார்.

"விடு" என்றார் சென்னியப்பன். "இதுல உன் கை படக்கூடாது."

திருமூர்த்தி கையை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகும் சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் சென்னியப்பன் தினமும் பார்த்த பார்வை. சாக்குகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், திருமூர்த்தி பார்க்கும்படி வண்டியில் ஏற்றினார் சென்னியப்பன்.

வீட்டில் பூவாத்தாள் முதல் சாக்கைப் பிரித்துக் கையை விட்டாள்.

"ஒண்ணு நனைஞ்சிருக்குதுங்க."

"அறுபத்தாறாம் நாளா இருக்கும். அன்னைக்குப் பூரா மழை."

"மத்ததோட போட்டு வெச்சா எல்லாம் பூஞ்சை புடிச்சுக்கும்."

அவள் அதை உதறிக் கொடியில் போட்டாள். நீளமான நாள். பாதிக்கு மேல் தரையில் புரண்டதால், பக்கத்து வீட்டுக் கொடியையும் கேட்டு வாங்கிக் கட்டினார்கள்.