நாலு மூட்டை பிளீச்சிங் பவுடர்

சங்கவி மூன்று வருடமாக நண்டு வளை எண்ணிக்கொண்டிருந்தாள். மயிலத்துப் பக்கம் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகிற வீட்டுப் பெண். கடலைப் பார்த்ததே காலேஜுக்கு வந்த பிறகுதான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி திண்டிவனத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி பொம்மையார்பாளையம் போவாள். கடற்கரையில் கயிறு கட்டிய சதுரத்துக்குள் குந்தி, வளைகளை எண்ணி நோட்டில் எழுதுவாள். வளை கூடினால் கரை நன்றாக இருக்கிறது, குறைந்தால் கெட்டுக்கொண்டு வருகிறது. அவளுடைய முனைவர் பட்டமே இந்த எண்ணிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரில் யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று அவளுடைய கைடு ராஜ்குமார் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தால் ஜனங்கள் எதையாவது செய்து ஆராய்ச்சியைக் கெடுத்துவிடுவார்களாம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் டெல்லியிலிருந்து மூன்று நிபுணர்கள் வியாழக்கிழமை பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவர்கள் திருப்திப்பட்டால் ஆராய்ச்சிக்கு இன்னும் ரெண்டு வருடம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். சங்கவி ஊராட்சித் தலைவர் அன்புச்செல்வனைப் போய்ப் பார்த்தாள். பெரிய ஆட்கள் வருகிறார்கள், அதுவரைக்கும் என் இடத்தில் யாரும் பைக் ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவர் தங்கமான மனுஷர். பைக்கோடு விடுவாரா?

வியாழக்கிழமை காலை சங்கவி போய் இறங்கினாள். கரையை டிராக்டர் விட்டு உழுது, பலகை போட்டு மட்டம் பண்ணியிருந்தார்கள். ரோட்டிலிருந்து சதுரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. சதுரத்துக்குள் கோடெல்லாம் கிடையாது, அப்படியே கொட்டிவிட்டிருந்தார்கள். மொத்தம் நாலு மூட்டை. நண்டு இருந்த சுவடே இல்லை.

"மந்திரி வந்தாக்கூட இவ்ளோ பண்ணமாட்டோம்மா. நம்ம பொண்ணாச்சே," என்றார் அன்புச்செல்வன். பவுடர் பட்டு அவர் கையெல்லாம் வெந்திருந்தது.

நிபுணர்கள் வந்தார்கள். பொன்னாடை போட்டுக்கொண்டார்கள், இளநீர் குடித்தார்கள், ஷூவில் மண் ஒட்டாமல் நடந்தார்கள். இத்தனை சுத்தமான ஆய்வுக் களத்தை இந்தக் கரையிலேயே பார்த்ததில்லை என்றார் தலைமை நிபுணர். நண்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சங்கவி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெந்த கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷரைப் பார்த்ததும், ஊர் ஒத்துழைப்பு இல்லாமல் எதுவும் முடியாது சார் என்று சொல்லிவிட்டாள். நோட்டில் பூஜ்யம் எழுதும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பத்தே நாளில் ஆர்டர் வந்துவிட்டது. ரெண்டு வருட நீட்டிப்பு, கூடவே பாராட்டு. ராஜ்குமார் டிபார்ட்மெண்ட் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். சங்கவி தன் பங்கைத் தொடவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிப் போய், தான் மூன்று வருடமாக எண்ணியது நண்டு வளையைத்தான் என்று அன்புச்செல்வனிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அவர் முகம் செத்துப்போனது.

"கவுறு கட்டி அளந்துக்கினு இருந்தியே, மணலைத்தான் ஆராய்ச்சி பண்றேன்னு நெனைச்சேன். அதான் மணல் நல்லா இருக்கட்டும்னு பண்ணேன். மூணு வருசமா வந்து போறியே, நண்டுன்னு ஒரு வார்த்தை சொன்னியாம்மா?"

சொல்லவில்லை. அந்த வெட்கத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. போனது போகட்டும், இனிமேல் பவுடர் மட்டும் போடவேண்டாம் என்று கெஞ்சினாள்.

அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அவளுக்கு வந்த அதே ஆர்டர். ஊராட்சிக்கும் ஒரு நகல் போட்டிருந்தார்கள், அவள் புரட்டிப் பார்க்காத ரெண்டாம் பக்கத்தோடு.

"பார்வையிட்ட அன்னிக்கு இருந்த மாதிரியே ரெண்டு வருசமும் இடம் இருக்கணுமாம். மாசா மாசம் ஃபோட்டோ அனுப்பணுமாம். என் கையில இல்லம்மா இனிமே."