பிரிக்கக் கூடாத கவர்

நந்திதாவின் லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் பெட்டியின் வயரைச் செருகினார்கள். சிங்காநல்லூர்ப் பக்கத்து மோட்டார்களுக்கெல்லாம் காயில் கட்டி ஓடவைத்த மனுஷன் காளிச்சாமி. அவர் வீட்டுக் கூடத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். பெட்டி உறுமிக்கொண்டு குளிர ஆரம்பித்தது. உள்ளே அவர் மூக்கில் பஞ்சோடு, யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தவர் மாதிரிக் கிடந்தார்.

நந்திதா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறார், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இழவு வீட்டில் கேள்விக்கா பஞ்சம்? மாலை போட்டவர், போடாதவர் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஏனுங்க, கடையக் கூடத் தொறக்காம மத்தியான வெயில்ல காந்திபுரத்துல என்னுங்க வேலை அவருக்கு?"

அம்மாவின் தம்பி கிருபாசங்கர் காலையிலிருந்து சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "காப்பர் வயர் வாங்கப் போயிருப்பாருங்க. டவுன் பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தவருதான். ஆட்டோக்காரரு வண்டில தூக்கிப் போட்டுட்டு ஓடியிருக்காரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

காப்பர் வயர் வாங்கப் போகவில்லை. அது நந்திதாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை மாமா அதைச் சொல்லும்போதும் அவள் லேப்டாப்பை இறுக்கிக்கொண்டாள்.

கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் மேல்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தருவதாக அவளுக்கு எழுதியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இங்கே அவள் வாங்கிய மதிப்பெண்களையெல்லாம் இங்கத்திய பல்கலைக்கழகமே ஒரு கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரவேண்டும். அது இருபதாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். நடுவில் யார் பிரித்தாலும் செல்லாது. அந்தக் கவருக்காக நந்திதா நாலு தரம் நடந்தாள். வாங்கி வந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

மூன்று நாள் முன்னால் கூரியருக்குக் கிளம்பும்போது பார்த்தால், முத்திரை நடுவில் விலகிப் பாதி மேலேயும் பாதி கீழேயுமாக நின்றது. ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்.

"நான்தான் அம்மணி" என்றார் அப்பா. "நல்ல காரியத்துக்குப் போற காயிதம், மஞ்ச வெக்காம எப்பிடி அனுப்பறதுன்னு…"

"அறிவிருக்குதுங்களாப்பா உங்களுக்கு? எட்டாவது படிச்சவங்க கைக்கு எட்டற மாதிரி வெச்சேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்! போச்சு. எல்லாம் போச்சு."

அவர் விரலில் காய்ந்திருந்த காயில் வார்னிஷைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அம்மா சமையல்கட்டில் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நந்திதா அவரோடு பேசவில்லை. நேற்றுக் காலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவருகில் அவர் குரல் கேட்டது.

"அம்மணி, யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கேட்டுப்போட்டேன். இன்னிக்கு வந்தா வேற கவரு தாரேன்னாங்க. உன்ற ஐடி கார்டு ஜெராக்ஸ எடுத்துக்கிட்டேன். போயி வாங்கிட்டு வாரேன்."

அவள் திரும்பவில்லை. செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது, அப்புறம் போனது. கழுத்தை ஒரு தடவை திருப்பியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சரிங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பிட்டீங்களா என்றாவது கேட்டிருக்கலாம்.

பதினொரு மணிக்கு அம்மா மாரியாத்தாளைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, முகத்திலும் கையிலும் மஞ்சளை அப்பினார்கள். தலை நிறையப் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல். கடைசியாக ஒரு தடவை கட்டியவளை ஜோடித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எந்த மகராசன் செய்துவைத்த வழக்கமோ. அம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாமா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். "ஆஸ்பத்திரில குடுத்தாங்க. கார்லயே கெடந்துச்சு, மறந்தே போயிட்டேன்."

அப்பாவின் அக்கா தெய்வாத்தாள் அதை வாங்கிக் கவிழ்த்தாள். மூக்குக் கண்ணாடி, பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில், துண்டு. துண்டுக்குள் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி ஒரு பழுப்புக் கவர்.

"என்னமோ சீல் குத்தியிருக்குது. எடம் கிடம் வாங்கியிருக்கறானா? பிரிச்சுப் பாத்துப்போடலாம்" என்று அத்தை கவரின் ஒட்டிய வாய்க்குள் நகத்தை நுழைக்கப் போனாள்.

"பிரிக்காதீங்கத்தை!"

காலையிலிருந்து நந்திதா பேசிய முதல் வார்த்தை அதுதான். போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லேப்டாப் தரையில் விழுந்தது. அவள் பாய்ந்து கவரைப் பிடுங்கினாள். முத்திரை முழு வட்டமாக இருந்தது. கையெழுத்து ஒரே கோடாக ஓடியது. ஒரு மடிப்புக்கூட இல்லை.

"இதைய வாங்கத்தான் போனாங்க" என்றாள். "வயரு வாங்க இல்லீங்க. எனக்காகப் போனாங்க. மொதல் கவரைப் பிரிச்சுட்டாங்கன்னு நான் திட்டினேன். எட்டாவது படிச்சவங்கன்னு… போயிட்டு வாரேன்னு சொன்னப்பக்கூட மூஞ்சியத் திருப்பிப் பாக்கலீங்கத்தை."

இத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்து ஆளையே உலுக்கியது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. அத்தை மட்டும், "அப்ப எந்தம்பி இவளுக்காக…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவரு பிரிக்கல."

சொன்னது அம்மா. விரித்த கைகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"மஞ்ச வெச்சது நான் கண்ணு. மேல வெச்சா கவருக்குத்தான சேரும், உள்ள இருக்கற மார்க்குக்கு எப்பிடிச் சேரும்னு நெனச்சுப்போட்டேன். சோத்துப் பருக்கைய வெச்சு ஒட்டினதும் நான்தான். நீ சத்தம் போடவும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான்தான்னு சொல்லிப்போட்டாரு. நான் வாயே தொறக்கல. நேத்துக் கெளம்பறப்பக்கூட, உங்களுக்கு மூச்சு வாங்குது, இன்னிக்கு வேண்டாமுங்கன்னு சொல்ல வாய் வரல கண்ணு. சொன்னா உம்பட படிப்புப் போயிருமேன்னு."

நந்திதா கண்ணாடி மூடி வழியாக அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மெல்லிசுக் கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்றினாலும் ஒரு சுற்றுப் பிசகாத கை. அந்தக் கை கவரைப் பிரித்திருந்தால் பிரித்த தடமே தெரிந்திருக்காது. சோற்றுப் பருக்கையைப் பார்த்த உடனே புரிந்திருக்க வேண்டாமா? பெற்ற மகளுக்கு அது தெரியாமல் போயிற்றே.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போன பிறகு பெண்கள் கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பூவும் வளையலும் தாலியும் போன அம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்த் தலைக்கு ஊற்றினார்கள்.

நாலு மணிக்கு, கூடப் படித்த ரூபினா ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றாள். கூரியர் ஆபீஸ் ஐந்து மணி வரைதான். இன்று போனால்தான் இருபதாம் தேதிக்குள் சேரும். நந்திதா அத்தையைப் பார்த்தாள்.

"போயிட்டு வா" என்றாள் தெய்வாத்தாள். "தீட்டு கீட்டுன்னு எவளாச்சும் பேசினா நான் பாத்துக்கறேன். எந்தம்பி உசுரக் குடுத்து வாங்கின காயிதம், ஊட்ல கெடந்து என்னத்துக்கு ஆகுது?"

ஆதரவாகத்தான் சொன்னாள். நந்திதா கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கொல்லைப்புறத்தில் அம்மா துவைக்கிற கல்லின் மேல் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோப்பு கரைந்து கிடந்தது. நந்திதா எதிரில் போய் நின்று கவரை நீட்டினாள்.

"ஒருக்கா தொட்டுக் குடுங்கம்மா."

மாரியாத்தாள் கவரைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் மஞ்சள் அப்படியே இருந்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு. நேரமாச்சு, நீ போ."

வாசலில் ரூபினா ஒரு தடவை ஹாரன் அடித்தாள். நந்திதா நீட்டிய கையை மடக்கவில்லை.