வயது ஏறாத விடுப்பு

ஊதியமில்லா மருத்துவ விடுப்பில் இருக்கும் அரசு ஊழியருக்கு வயது ஏறாது. பணிக்காலத்தில் சேராத நாள் ஆயுளிலும் சேராது என்பது விதி.

பியூலாவின் கணவர் தேவசகாயம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். சம்பளத்தோடு கிடைக்கிற விடுப்பெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாதது தொடங்கியதும் அவருக்கு நகம் வளர்வது நின்றது. நரைப்பது நின்றது. எலும்பு சேர்வதும் நின்றது.

"எலும்பு சேர நாள் வேணும்மா. சாருக்குத்தான் நாளே கிடையாதே" என்றார் டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே.

குணமானால்தான் வேலையில் சேரலாம். வேலையில் சேர்ந்தால்தான் நாள் நகரும். தேவசகாயத்துக்கு இதில் ஒரு குறையும் இல்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "பியூலா, காபி" என்பார். இப்படியே விட்டால் அவர் இதே வயதில் காபி கேட்டுக்கொண்டிருப்பார், தான் கிழவியாகிப் போட்டுக்கொடுத்தே போய்ச் சேர வேண்டியதுதான் என்று பியூலாவுக்குத் தெரிந்துபோயிற்று. நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் தணிகாசலம் அவளை உட்காரச் சொன்னார்.

"அவர் காலுக்கு மட்டும் கொஞ்சம் வயசு கொடுங்க சார்."

"முடியாது மேடம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்போ எனக்கும் அதுதானே? கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் சம்பளம் வாங்கினதே இல்லை. எனக்கு மட்டும் ஏன் வயசை ஏத்தினீங்க?"

"நீங்க அரசாங்கத்துல இல்லையே."

"ரேஷன் கார்டுல குடும்பத் தலைவின்னு பதவி போட்டுக் கொடுத்தது யாரு, எங்க அப்பாவா?"

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மருத்துவ விடுப்புன்னா உடம்பு சரியில்லாம இருக்கணும்."

"சரியா இருந்த நாள்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க. ஜுரத்தோடதான் இட்லி ஊத்தினேன்."

"ஊத்தினீங்கல்ல. அப்போ வேலை பார்த்திருக்கீங்க."

"வேலைன்னா சம்பளத்தை எடுத்து வைங்க. வேலை இல்லைன்னா விடுப்பு. எதுன்னு நீங்களே சொல்லுங்க, எனக்கு உலை வைக்கணும்."

சம்பளம் கொடுக்க மேலிடத்தில் கேட்க வேண்டும். விடுப்பு கொடுக்கத் தணிகாசலமே போதும். கொடுத்தார்.

தவறாக ஏறிய வயதைப் பியூலாவிடமிருந்து இறக்கினார்கள். முதலில் முழங்கால் வலி போயிற்று. பிறகு கண்ணாடி தேவைப்படவில்லை. கல்யாணத்தன்றைய இடுப்புக்குச் சேலை பெரிதாகிவிட, இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இறக்கிய வயதை வைத்துக்கொள்ள அலுவலகத்தில் இடமில்லை என்று ஒரு தூக்குவாளியில் ஊற்றி அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் அவள் மகள் ஜெனிபர் நின்றிருந்தாள். இப்போது பியூலாவைவிட மூன்று வயது மூத்தவள்.

"ஏட்டி, இவ்வளவு நேரமா எங்க சுத்திட்டு வார?"

"அப்பா காலுக்கு வயசு வாங்கப் போனேன், அக்கா."

மாவுக்கட்டின் மேல் இரண்டு கரண்டி ஊற்றினார்கள். எலும்பு சேர்ந்தது. தேவசகாயம் எழுந்து நின்று பார்த்தார். நாளை வேலையில் சேர வேண்டும் என்று தன் சட்டையைத் தானே இஸ்திரி போடப் போனார். மிச்சத்தை ஜெனிபர் ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஒரு சொட்டு விட்டால் மாங்காய் ஊறுகாய் அப்போதே ஊறிவிடுகிறது.

பிறகு ஜெனிபர் எல்லோருக்கும் சோறு போட்டாள். வீட்டில் சின்னவளுக்குத்தான் முதலில் என்பதால், நெய்மீன் குழம்பில் நடுத்துண்டு பியூலாவுக்கு விழுந்தது.