வேலியோரத்துப் பதினான்கு பெட்டிகள்

ஃபெல்விக் ஊரின் பாரிஷ் கவுன்சிலுக்கு, அதாவது ஊர் மன்றத்துக்கு, நான் செயலர். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, என் சமையலறை மேசைதான். ஏழு உறுப்பினர்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மாலை ஏழு மணிக்கு ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். நாய்க்கழிவுத் தொட்டி நிரம்பி வழிகிறது, பஸ் நிறுத்தக் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள், ஒரு வீட்டு வேலிச்செடி நடைபாதையை மறைக்கிறது என்று இந்த மாதிரி விஷயங்களைத்தான் பேசுவோம். ஒன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். அதில் நான் மறக்காத பக்கம் ஒன்றே ஒன்றுதான்.

தெல்மா கார்சைட் முப்பத்தொரு வருடமாக உறுப்பினர். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. மன்ற விதிகள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தலைவர் கிளைவ் ஆர்மராட் பால்பண்ணை வைத்திருந்த மனிதர், நல்லவர், ஆனால் விதிகள் நினைவில் நிற்காது. அவர் தடுமாறும்போதெல்லாம் தெல்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, எத்தனையாவது விதி என்று எண்ணைச் சொல்வார்.

ஏப்ரல் கூட்டத்தில் தெல்மா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மில் சந்தில் இருக்கும் கல்லறைத் தோட்டம் மன்றத்துடையது. சவ அடக்க நாட்களில் சந்து முழுக்கக் கார்கள் நின்றுவிடும், பால் லாரி போக வழி இருக்காது. ஆறு வருடம் முன்பு அவருடைய கணவர் ரானை அடக்கம் செய்த அன்றும் அப்படித்தான் ஆனது. வடக்கு வேலியோரம் நீளமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது, அங்கே எட்டு கார் நிற்கிற மாதிரி தார் போட்டுவிடலாம் என்பது அவருடைய யோசனை.

"அங்க புல்லைத் தவிர ஒண்ணும் இல்ல. வருஷம் பூரா அதை வெட்டிக்கிட்டே இருக்கோம்" என்றார்.

வந்திருந்த எல்லோரும் கை தூக்கினார்கள். மே பத்தாம் தேதி புதன்கிழமை மண் தோண்டும் இயந்திரம் வருவதாக ஏற்பாடாயிற்று.

தோண்டுவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு. வரைபடத்தில் அந்தத் துண்டு வெறுமையாக இருந்தது. அடக்கப் பதிவேட்டிலும் அங்கே யாரையும் புதைத்ததாகப் பதிவு இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனாலும் பழைய குழிவெட்டி ஜெத்ரோ பிம்மின் மகள் நோரீன் பக்கத்து ஊரில் இருப்பது தெரியும், ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று போன் போட்டேன். அப்பாவின் நோட்டுப் புத்தகங்கள் தோட்டத்துக் கொட்டகையில் கிடப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் எரித்துவிடப் போவதாகவும் நோரீன் சொன்னார். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பிஸ்கட் டின் நிறைய நோட்டுகளோடு வீடு திரும்பினேன்.

எல்லாம் கறுப்பு அட்டை போட்ட சின்ன நோட்டுகள். எந்தக் குழி எவ்வளவு ஆழம், எங்கே பாறை தட்டியது என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பி வேறு ஒரு பட்டியல் போட்டிருந்தார். மேலே 'வடக்கு வேலி' என்று இருந்தது. கீழே பதினான்கு வரிகள். எல்லாம் இறந்தே பிறந்த குழந்தைகள். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கல்லும் கிடையாது, சடங்கும் கிடையாது. தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டாமல் எடுத்துப் போய்விடுவார்கள்.

அந்த நிலத்தில்தான் அடுத்த வாரம் இயந்திரம் இறங்கப் போகிறது. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது வரி இது:

'1967 மார்ச் 11. கார்சைட். ஆண். ஹாலி மரத்திலிருந்து ஆறு அடி. தகப்பன் தானே பெட்டியைத் தூக்கி வந்தார். நல்ல மழை. தாய்க்குச் சொல்ல வேண்டாம் என்றார்.'

எங்கள் ஊரில் கார்சைட் என்று ஒரே குடும்பம்தான்.

தேநீரில் ஆடை படிந்துவிட்டது. முதலில் தோன்றியது, நோட்டை மூடி டின்னிலேயே போட்டுவிடலாம் என்பதுதான். அங்கே கல்லறைகள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லி வேலையை நிறுத்திவிட்டால் போதுமே, பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? பிறகு நினைத்தேன். அந்தப் புல்லில் தார் போடச் சொன்னதே அவர். பின்னால் வேறு யார் வழியாகவாவது தெரிய வந்தால், எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்வார். தோண்டும் ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்து வேலையைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, மதியம் தெல்மா வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் சமையலறையில் ருபார்ப் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன கண்ணு, ஆர்மராட் ராஜினாமா பண்ணிட்டாரா?" என்று கேட்டார்.

உட்காரச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். நோட்டைத் திறந்து அந்த வரியின் மேல் விரலை வைத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கத்தி இன்னும் வலது கையில்தான் இருந்தது. அதை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

"பதினொண்ணாம் தேதி சனிக்கிழமை" என்றார். குரல் கூட்டத்தில் பேசுகிற குரல் மாதிரியே இருந்தது. "வியாழக்கிழமை பொறந்தான். சனிக்கிழமை சாயந்தரம் ரான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஷூ பூரா சேறு. நர்ஸ் அப்பத்தான் தரையைத் துடைச்சிட்டுப் போயிருந்தா. எங்கய்யா போய் மிதிச்சிட்டு வந்தீங்கன்னு நான் திட்டினேன்."



"அவர் ஷூவைப் பார்த்துத் திட்டினேன்" என்றார் மறுபடி.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குழந்தையை என்ன செய்தார்கள் என்று ரானிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், நமக்குத் தெரியாது என்று மூன்று முறையும் ஒரே பதில். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பேச்சு அதோடு வீட்டில் நின்றுபோனது.

"அம்பது வருஷம் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு போட்டேன். பக்கத்துல படுத்தேன். அவர் செத்தப்போ கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பக்கூடச் சொல்லலையே."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவருடைய கழுத்தும் காதும் சிவந்துகொண்டே வந்தன. நறுக்கிய ருபார்பை முழுவதுமாக அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு தீர்மானத்தை எப்படி ரத்து செய்வது என்று என்னிடம் கேட்டார். கேட்டவர் தானே பதிலும் சொன்னார். நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மாற்றுவதென்றால் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டு எழுத்தில் தர வேண்டும். அதில் தன் கையெழுத்து இருக்கக் கூடாது.

"ஏன்?" என்றேன்.

"எனக்கு அதுல சொந்த சம்பந்தம் இருக்கில்ல" என்றார்.

கிளைவிடமும் வேறு இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வடக்கு வேலியோரம் குழந்தைகளைப் புதைத்ததாகக் குறிப்பு கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

கூட்டத்தன்று ஏழு மணிக்கும் வெயில் அடித்தது. ஏழு பேரும் வந்திருந்தார்கள். தெல்மா வழக்கமான நாற்காலியில், அடக்கத்துக்குப் போட்டுப் போகும் கறுப்பு கோட்டோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையா என்று யாரோ கேட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார்.

கூட்டம் தொடங்குமுன், நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தத்துக்கு நடுவே உறுப்பினர் பாரி நட்டால் நிகழ்ச்சி நிரலைத் தட்டிக் காட்டினார். பாரி பிளம்பர், வாய் கொஞ்சம் நீளம். "அறுபது வருஷத்துக்கு முன்னாடி புதைச்ச பெட்டிக்கு இப்ப என்ன? மண்ணோட மண்ணாகியிருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். இரண்டு பேர் லேசாகத் தலையாட்டினார்கள். நான் தெல்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

நிரலில் இரண்டாவது, உறுப்பினர்கள் தங்கள் சொந்த சம்பந்தத்தை அறிவிப்பது. தன் நிலம், தன் வீடு, தன் தொழில் என்று ஏதாவது விவாதத்துக்கு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். எங்கள் மன்றத்தில் யாருக்கும் எதுவும் இருக்காது. கிளைவ் தலையை நிமிர்த்தாமலே, "இரண்டு, ஒண்ணும் இல்ல, மூணு" என்று படிப்பார். அன்றும் அப்படித்தான் படித்தார்.

"தலைவர் அவர்களே, இருக்கு" என்றார் தெல்மா. "ஒன்பதாவது. வடக்கு வேலி."

கிளைவ் திகைத்து என்னைப் பார்த்தார். எந்த வகைச் சம்பந்தம் என்று குறிப்பில் எழுத வேண்டும். அதைக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன தெல்மா, தார் கம்பெனியில பங்கு வாங்கிட்டீங்களா?" என்றார் பாரி. சிரித்தார்கள். கிளைவும் சிரித்தார்.

தெல்மா அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என் மகன் அங்க இருக்கான்" என்றார். "அறுபத்தேழுல புதைச்சிருக்காங்க. எனக்குப் போன வாரம்தான் தெரியும். எழுதிக்கோ, கண்ணு."

எழுதினேன். பேனா காகிதத்தில் உராய்வது கேட்டது. பாரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, எடுக்கவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை. கிளைவ் எழுந்தார், உட்கார்ந்தார். கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று முணுமுணுத்தார்.

"எதுக்கு ஒத்திவைக்கணும்? மூணாவதைப் படிங்க" என்றார் தெல்மா.

படித்தார். நாய்க்கழிவுத் தொட்டி, பஸ் நிறுத்தக் கண்ணாடி, நடைபாதை எல்லாம் வந்தது. கை தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். எதற்குத் தூக்கினோம் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். தெல்மா மட்டும், கண்ணாடியை மாற்றும்போது உடையாத வகையாகப் பார்த்துப் போடச் சொன்னார். ஒன்பதாவது வந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு, கோட்டை இழுத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார்.

ஒரு நிமிடத்தில் ஆறு கைகளும் உயர்ந்தன. தீர்மானம் ரத்தானது. பாரி கை தூக்கியவர் இறக்கவே இல்லை. கிளைவ் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் இறக்கினார். உடனே எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல, தெல்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிசெய்துவிட்டு உள்ளே அனுப்பினார். என்ன சொன்னார் என்று பாரியிடம் பிறகு கேட்டேன். 'போய் உக்காரு, இன்னும் நாலு விஷயம் பாக்கி இருக்கு' என்றாராம்.

மற்றப் பதின்மூன்று குடும்பங்களையும் தேடினோம். ஆறு குடும்பங்கள் கிடைத்தன. தொண்ணூற்றொரு வயதுப் பெண்மணி ஒருவர் முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்து, வேலியோரம் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். ஹாலி மரத்தடியில் ஒரு கல் வைக்க முடிவானது. என்ன பெயர் பொறிப்பது என்று கிளைவ் தயங்கித் தயங்கிக் கேட்டபோது தெல்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலின்" என்றார். பெயர் அவரிடம் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஜூலையில் ஒரு காலை என் வீட்டுக்கு வந்து ஒரு படிவம் கேட்டார். கணவனும் மனைவியும் சேர்ந்து அடங்கும்படி ரானின் குழியிலேயே அவருக்காக ஒதுக்கியிருந்த இடத்தை விட்டுக்கொடுப்பதற்கான படிவம். அதற்குப் பதிலாக வடக்கு வேலியோரம் ஓர் இடம் வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நாள் பொறுத்து முடிவு செய்யலாமே, ரான் அந்தக் காலத்து மனிதர், டாக்டர்கள் சொன்னபடி செய்திருப்பார், மழையில் தன் கையாலேயே தூக்கிப் போயிருக்கிறாரே, அவருக்கும் வலித்திருக்காதா என்றெல்லாம் சொன்னேன்.

"வலிச்சிருக்கும்" என்றார். "அதைத் தனியாவே வச்சுக்கிட்டாரு. எனக்கும் பாதி உண்டுல்ல அதுல?"

மேசையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் நிரப்பினார். தினமும் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னார். முதலில் வேலியோரம், பிறகு ரானிடம். ரானிடம் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். திட்டுவதாகச் சொன்னார். சில நாள் திட்ட ஆரம்பித்துவிட்டு, பாதியில் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறாராம்.

செப்டம்பர் கூட்டத்தில் படிவம் வந்தது. தெல்மா விதிப்படி சம்பந்தத்தை அறிவித்தார், எழுந்தார். கதவருகே போனவரைக் கிளைவ் நிறுத்தினார். விதியில் அதற்கு இடமில்லை, ஆனால் அன்று யாரும் விதி எண்ணைச் சொல்லவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, தெல்மா. ரான் அங்க தனியா இருப்பாரே?"

தெல்மா கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"நானும் காலினும் எங்க இருப்போம்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார். "வேணும்னா வரட்டும்."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். விண்ணப்பம் ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதினேன்.